வகுப்பில் இடம் கொடுத்தால் போதுமா? நரம்பியல் பன்மையும் உள்ளடக்கிய கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர்கள், பெற்றோர், பள்ளி நடத்துபவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்ட பக்கம் இது. ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதிலும் அசையாமல் இருப்பதிலும் சிரமம்), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) போன்றவை உள்ள குழந்தைகளுக்கு வகுப்பில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் பாடம் கற்க வேண்டும், நண்பர்களோடு இருக்க வேண்டும், "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லவும் முடிய வேண்டும். அதற்காக முதலில் மாற வேண்டியது வகுப்பு. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

## நரம்பியல் பன்மை என்றால் என்ன? யாரெல்லாம் இதற்குள் வருகிறார்கள்?

கவனம் செலுத்துவது, ஒலியையும் ஒளியையும் உணர்வது, மொழியைக் கையாள்வது, உடலை அசைப்பது, நேரத்தை மதிப்பிடுவது என எல்லாவற்றிலும் மூளைக்கு மூளை வேறுபாடு உண்டு. இந்த வேறுபாட்டை மனித இனத்தின் இயல்பாகப் பார்ப்பதே நரம்பியல் பன்மை. 1990களின் பிற்பகுதியில், ஆட்டிசம் உள்ளவர்கள் இணையக் குழுக்களில் தங்களுக்குள் பேசிப் பேசி வளர்த்தெடுத்த கருத்து இது. ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா, கணக்கில் இடறும் டிஸ்கால்குலியா, உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் தரும் டிஸ்பிராக்சியா, டிக் எனப்படும் தன்னிச்சையான அசைவுகளும் ஒலிகளும் வரும் டூரெட் ஆகியவை பொதுவாக இதில் அடங்கும்.

இவை ஒன்றோடொன்று சேர்ந்து வருவது அடிக்கடி நடப்பது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒரே ஆளுக்கு இருப்பதாகக் குறிக்க அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 2013 வரை இடம் கொடுக்கவில்லை. அதற்கு முன் எழுதப்பட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு ஒருவரின் தேவைகளை முடிவு செய்தால் பாதிதான் தெரியும்.

வேறுபாடு என்று சொல்வதால் சிரமமே இல்லை என்று ஆகிவிடாது. உதவி இல்லாமல் ஒரு நாளைக்கூட நகர்த்த முடியாத குழந்தைகளும் இதில் இருக்கிறார்கள். "எல்லாருக்கும் கொஞ்சம் ஏடிஎச்டி உண்டு" என்பது ஆறுதலாகச் சொல்லப்பட்டாலும், கேட்பவரின் சிரமத்தைச் சிறிதாக்கிவிடுகிறது.

## எங்கள் பள்ளியில் எல்லாரையும் சேர்க்கிறோம். அதுதானே உள்ளடக்கிய கல்வி?

சேர்க்கை முதல் படி மட்டுமே. 1994-இல் ஸ்பெயினில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டின் சலமன்கா பிரகடனம் பொதுப் பள்ளி எல்லாக் குழந்தைகளுக்குமானது என்றது. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு அதை உரிமையாக்கியது. அந்தப் பிரிவை விளக்கி 2016-இல் வந்த ஐ.நா. குழுவின் பொதுக் கருத்துரை நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது: சேர்க்காமல் விடுவது, தனியாகப் பிரித்து வைப்பது, இருக்கிற அமைப்புக்குள் குழந்தையைப் பொருந்தச் சொல்வது, குழந்தைக்காக அமைப்பையே திருத்துவது. கடைசி ஒன்றுதான் உள்ளடக்கம். பெரும்பாலான பள்ளிகள் மூன்றாவதில் நின்றுகொண்டு நான்காவதில் இருப்பதாக நம்புகின்றன.

உங்கள் பள்ளி எங்கே நிற்கிறது என்று அறியச் சில கேள்விகள் போதும். இந்த மாதம் அந்தக் குழந்தை புதிதாக என்ன கற்றது என்று வகுப்பாசிரியரால் சொல்ல முடிகிறதா? சுற்றுலா, விளையாட்டு விழா, ஆண்டு விழா நாட்களில் "வீட்டிலேயே இருக்கட்டுமே" என்று பெற்றோருக்குச் சொல்லப்படுகிறதா? நாள் முழுவதும் எத்தனை சக மாணவர்கள் அந்தக் குழந்தையோடு பேசினார்கள்?

உதவியாளர் இருக்கும் இடங்களில் இன்னொன்றையும் பாருங்கள். அவர் குழந்தைக்கும் ஆசிரியருக்கும் நடுவில் சுவராக உட்கார்ந்திருந்தால், ஆசிரியர் மெல்ல மெல்ல அந்தக் குழந்தைக்குக் கற்பிப்பதை நிறுத்திவிடுவார், மற்ற பிள்ளைகளும் நெருங்கமாட்டார்கள். உதவியாளர் வகுப்பு முழுவதற்கும் உதவ வேண்டும், ஆசிரியர் அந்தக் குழந்தையிடம் நேரடியாக வர வேண்டும். இது உதவியாளரின் தவறு இல்லை. அவரை நியமிக்கும்போது "இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் வருவது.

## மருத்துவச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் குழந்தை "நான் மக்கு" என்று முடிவு கட்டிவிடும். வகுப்பில் செய்யக்கூடிய மாற்றங்கள் பெரும்பாலும் சான்றிதழ் தேவைப்படாதவை, யாருக்கும் கெடுதல் செய்யாதவை.

முதலில் பார்வையையும் செவித்திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். இதைத் தாண்டிக்கொண்டு போய் நேரே "கவனக்குறைவு" என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு, ஒரு சிரமத்தைத் தேர்ந்தெடுத்து ஒன்றோ இரண்டோ மாற்றங்களைச் செய்து, ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் தொடருங்கள். எந்தப் பாடம், எந்த நேரம், என்ன வேலை, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது என்று நாளுக்கு இரண்டு வரி குறித்து வையுங்கள். பின்னாளில் மதிப்பீடு செய்பவருக்கு "படிப்பதில்லை, சேட்டை அதிகம்" என்ற வரியைவிட இந்தக் குறிப்பு பல மடங்கு உதவும். ஒரே நாளில் பத்து மாற்றங்களைத் தொடங்கினால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போகும்.

## வகுப்பறையில் முதலில் எதை மாற்றுவது?

ஒலி, ஒளி, இருக்கை. பணமும் பயிற்சியும் அதிகம் கேட்காதவை இவை மூன்றும்.

புலன்களின் வழியே வருவதைச் சில மூளைகள் வடிகட்டாமல் அப்படியே வாங்கிக்கொள்ளும். நாற்காலி இழுபடும் சத்தம், மின்விசிறியின் கிறீச்சொலி, சிமிட்டும் குழல் விளக்கு, பக்கத்து வகுப்பின் இரைச்சல் எல்லாம் ஆசிரியரின் குரலுக்கு இணையான உரத்தில் வந்து சேரும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் அல்லது தடித்த துணி மாட்டுங்கள். பழுதான விளக்கை உடனே மாற்றுங்கள். பகலில் வெளிச்சம் போதும் என்றால் விளக்கை அணைத்தே வையுங்கள். கரும்பலகையைச் சுற்றியுள்ள சுவரைக் காலியாக விட்டு, படங்களையும் அட்டைகளையும் பின்சுவருக்கு மாற்றுங்கள். மணி அடிக்கும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால் குழந்தை காதைப் பொத்திக்கொள்ளவோ சத்தம் குறைக்கும் காதுமூடியைப் போட்டுக்கொள்ளவோ முடியும்.

இருக்கையில் வழக்கமாக நடக்கும் தவறு, எல்லாரையும் முதல் பெஞ்சில் போடுவது. முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் அசைவது சில குழந்தைகளுக்குத் தாங்காது. பின்னால் சுவர் இருக்கும் மூலை அவர்களுக்கு நிம்மதி. ஏடிஎச்டி உள்ள குழந்தைக்குக் கதவு, ஜன்னல், நடைபாதை மூன்றையும் விட்டு விலகிய இடம் நல்லது. எழுந்து நின்று எழுத ஓர் இடம் இருந்தால் இன்னும் நல்லது. எங்கே உட்கார்ந்தால் வசதி என்று குழந்தையையே கேட்டு, ஒரு வாரம் உட்கார வைத்துப் பார்த்து, மறுபடி கேளுங்கள்.

## சொன்னால் செய்வதே இல்லை. அடமா, புரியவில்லையா?

அடம் என்று முடிவு செய்வதற்கு முன், சொன்ன விதத்தைப் பாருங்கள். "புத்தகத்தை மூடிவிட்டு நோட்டை எடுத்து, தேதி போட்டு, முப்பதாம் பக்கத்தில் முதல் மூன்று கணக்கைச் செய்யுங்கள்" என்பதில் நான்கு வேலைகள் இருக்கின்றன. நினைவில் ஒரே நேரத்தில் குறைவாகவே பிடித்து வைக்க முடிகிற குழந்தை முதலாவதைச் செய்துவிட்டு விழித்துக்கொண்டு நிற்கும்.

பெயரைச் சொல்லி அழைத்த பிறகு வேலையைச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. சொன்னபின் பத்து நொடி வாய் திறக்காமல் காத்திருங்கள். இது கேட்க எளிது, செய்யக் கடினம். மூன்றாவது நொடியிலேயே வேறு வார்த்தைகளில் திரும்பச் சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் குழந்தை முதலிலிருந்து மறுபடி கேட்கத் தொடங்க வேண்டியிருக்கும். நான்கு வேலைகளையும் பலகையில் எண்ணிட்டு எழுதி வைத்தால் கேட்டதை மறந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். "ஓடாதே" என்பதற்குப் பதில் "நடந்து வா". "ஒழுங்காக இரு" என்பதில் என்ன செய்ய வேண்டும் என்ற தகவலே இல்லை. "ஐந்து நிமிடம்" என்பது சிலருக்கு வெறும் சொல். குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும் கடிகாரம் இருந்தால் அது நேரமாகிறது.

அன்றைய நாளின் பட அட்டவணை இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு படமும் ஒரு சொல்லும் உள்ள அட்டைகளை மேலிருந்து கீழாக ஒட்டி, முடிந்ததைக் கழற்றிப் போட ஓர் உறை வையுங்கள். "மாற்றம்" என்று தனி அட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். ஆசிரியர் வரவில்லை, மழையால் விளையாட்டு இல்லை என்றால் அதை அந்த இடத்தில் ஒட்டிக் காட்டுங்கள். பட அட்டவணை தோற்கும் இடங்கள் இரண்டு: சுவரில் அலங்காரமாகத் தொங்கும், யாரும் தொடமாட்டார்கள், அல்லது நன்றாக வேலை செய்யும், "இப்போது பையன் நன்றாக இருக்கிறானே" என்று கழற்றிவிடுவார்கள். கண்ணாடி போட்டபின் எழுத்து தெரிகிறது என்பதால் கண்ணாடியைப் பிடுங்குவதில்லை.

## திடீரென்று கத்தி, பொருட்களை வீசும்போது என்ன செய்வது?

அது வேண்டியதை வாங்குவதற்கான பிடிவாதம் என்றால், கேட்டது கிடைத்ததும் நிற்கும், யாரும் பார்க்காவிட்டாலும் தணியும். மெல்ட்டவுன் அப்படி நிற்காது. தாங்கும் அளவைத் தாண்டிய பிறகு உடல் தன்னைத் தானே கொட்டிவிடுவது அது. அந்த நேரத்தில் பேச்சு உள்ளே போகாது.

குழந்தையை இழுத்துப் போவதைவிட மற்ற மாணவர்களை வெளியே அழைத்துப் போவது நல்லது. இதை எல்லாரும் முன்பே பழகியிருக்க வேண்டும். விளக்கைக் குறையுங்கள். ஒருவர் மட்டும், பக்கவாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில், தாழ்வான இடத்தில் இருங்கள். "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்பது போல ஒரு வரி போதும். ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால் தவிரத் தொடாதீர்கள். அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் உடல் தணியப் பல நிமிடங்கள், சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். அப்போது கணக்கு நோட்டை நீட்டினால் இரண்டாவது முறை வெடிக்கும். இதுதான் அதிகம் நடக்கும் பிழை.

மறுநாள் குறிப்பை எடுத்து, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தைப் பாருங்கள். பென்சில் உடைந்ததால் வெடித்தது போலத் தெரியும். காலையிலிருந்து மாற்று ஆசிரியர், சத்தமான ஒத்திகை, பசி என்று சேர்ந்து வந்திருக்கும். மாற்ற வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன.

அமைதி மூலை வைத்திருந்தால், அதைத் தண்டனையாகவோ பரிசாகவோ ஆக்காதீர்கள். "போய் மூலையில் உட்கார்" என்று ஒருமுறை அதட்டிவிட்டால் அந்த இடம் பிறகு யாரையும் அமைதிப்படுத்தாது.

## பள்ளியில் அமைதியாக இருக்கிறாள். வீட்டில் மட்டும் வெடிக்கிறாள். வளர்ப்பில் பிழையா?

பெரும்பாலும் இல்லை. பள்ளி நேரம் முழுவதும் மற்றவர்களைப் பார்த்து நடித்து, அசைவுகளை அடக்கி, புரியாததற்கும் சிரித்து வைத்து வரும் குழந்தை, பாதுகாப்பான இடம் வந்ததும் அதை இறக்கி வைக்கிறது. மாஸ்கிங் எனப்படும் இந்த மறைப்பு பெண்குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிறது. அவர்களில் பலர் வளர்ந்த பிறகே அடையாளம் காணப்படுவதற்கு இது முக்கியக் காரணம். "இங்கே எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று ஆசிரியர் சொன்னால், அது உண்மையாகவே அவர் பார்த்ததுதான். ஆனால் பெற்றோர் சொல்வதையும் அதே எடையில் எழுதிக்கொள்ள வேண்டும். மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடம் தனியாக இருக்க அனுமதியும், வீட்டுக்கு வந்ததும் கேள்வி கேட்காத ஒரு மணி நேரமும் கொடுத்துப் பாருங்கள்.

## கண்ணைப் பார்த்துப் பேசவும், கையை உதறாமல் இருக்கவும் பழக்க வேண்டாமா?

வேண்டாம். கண்ணைப் பார்ப்பதற்கே சக்தி முழுவதும் செலவாகும் குழந்தைக்குச் சொல்வது காதில் ஏறாது. கை உதறுவதும் ஆடுவதும் முணுமுணுப்பதும் உடல் தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும் வழிகள். தலையை மோதுவது, கடித்துக்கொள்வது போல உடலுக்குக் கேடு வந்தால் மட்டும், அதே உணர்வைத் தரும் பாதுகாப்பான வேறொன்றை, கடிக்கத் தகுந்த ரப்பர் பதக்கம் போன்றதை, கொடுங்கள். டூரெட் உள்ளவரின் டிக் அசைவுகளைக் கவனிக்காததுபோல் விடுவதே உதவி. "நிறுத்து" என்றால் கூடும்.

## வாசிப்பில் பின்தங்கும் குழந்தைக்கு என்ன செய்வது?

டிஸ்லெக்சியா கண்ணின் குறை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவதிலும், ஒலியை எழுத்தோடு விரைவாக இணைப்பதிலும்தான் பெரும்பாலும் சிக்கல். எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் இது தப்பும் தவறுமான வாசிப்பாகத் தெரிவதைவிட மிக மெதுவான வாசிப்பாகவே தெரியும். "எழுத்துக்கூட்டிச் சரியாகத்தான் படிக்கிறான், சோம்பேறித்தனம்" என்று ஆசிரியர் கடந்துவிடுவது அதனால்தான். அதே பத்தியை வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேளுங்கள். சரளமாகப் பதில் வந்தால் அறிவில் குறையில்லை, வாசிப்பில்தான் முடிச்சு.

தமிழ் எழுத்தில் இந்த முடிச்சு விழும் இடங்கள் உண்டு. கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்க, ஒலி பின்னால் வரும். கொ, கோ இரண்டிலும் குறி மெய்யின் இருபக்கமும் பிளந்து நிற்கும். கு, சு, டு, மு என உகரத்துக்கு ஒரே வடிவம் கிடையாது. ஆகவே கா, கி, கீ போல நிலையான குறி உள்ளவற்றை முதலில் உறுதியாக்கி, பிறகு முன்னால் நிற்கும் குறிகள், கடைசியில் உகர ஊகார வரிசை என்று போவது சுமையைக் குறைக்கும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்று கைவந்த பிறகு அடுத்தது. நீண்ட சொற்களைப் படித்து–கொண்டு–இருக்கிறார்கள் என்று உறுப்பாகப் பிரித்துக் காட்டுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைவிட, நாள்தோறும் பதினைந்து நிமிடம் மேல்.

வண்ணத் தாள்களுக்கும் சிறப்பு எழுத்துருக்களுக்கும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. பணத்தை அங்கே போடாதீர்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி அச்சிடுவது சிலருக்கு உதவுகிறது. பலகையைப் பார்த்து நகலெடுக்கும் வேலையைக் குறைத்து அச்சிட்ட தாளைக் கொடுங்கள். எல்லார் முன்னும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள், அவர்களாகக் கை தூக்கினால் தவிர. வாசிப்புப் பயிற்சி நடக்கும் அதே காலத்தில் அறிவியலும் வரலாறும் ஒலிவடிவில் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் வாசிப்பில் உள்ள இடைவெளி எல்லாப் பாடங்களுக்கும் பரவும்.

## பேசாத குழந்தைக்குப் பட அட்டையோ டேப்லட்டோ கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடுமா?

போகாது. மாற்றுத் தொடர்பு முறைகள் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்குப் பேச்சு கூடவே செய்கிறது. கருவியை மேசையில் வைத்துவிட்டுக் குழந்தை பயன்படுத்தும் என்று காத்திருப்பதால்தான் பல இடங்களில் பலன் இல்லாமல் போகிறது. நீங்கள் பேசும்போது நீங்களே படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும், பதிலை எதிர்பார்க்காமல், மாதக்கணக்கில். பலகையில் "தண்ணீர்", "கழிப்பறை" மட்டும் இருந்தால் போதாது. "வேண்டாம்", "நிறுத்து", "வலிக்கிறது", "இன்னும்", "பிடிக்கவில்லை" இருக்க வேண்டும். குறும்பு செய்தான் என்று கருவியைப் பிடுங்கி வைப்பது வாயைக் கட்டுவதற்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை. உதவியாளர் குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொட வைக்கும் முறை 1990களில் கட்டுப்பாட்டுச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டது. வந்த சொற்கள் உதவியாளருடையவை என்று தெரிந்தது. அதைத் தவிருங்கள்.

கேட்ட வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும் குழந்தை அர்த்தமில்லாமல் சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த வாக்கியத்தை முதலில் எந்தச் சூழலில் கேட்டது என்று தேடினால் என்ன சொல்ல வருகிறது என்று பெரும்பாலும் பிடிபடும்.

## ஒருவருக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுப்பது மற்றவர்களுக்கு அநியாயம் ஆகாதா?

தேர்வு எதை அளக்கிறது என்று கேளுங்கள். வரலாற்றுத் தேர்வு வரலாற்றை அளக்க வேண்டும், கையெழுத்து வேகத்தை அல்ல. கேள்வியின் தரத்தைக் குறைக்காமல் பதில் சொல்லும் வழியை மட்டும் திறந்துவிடுவது சலுகை ஆகாது.

எந்த ஏற்பாடு யாருக்கு என்பதில் கவனம் வேண்டும். கால் பங்கு கூடுதல் நேரம் மெதுவாக வாசிப்பவருக்கு உதவும். எழுத எழுதக் கை வலிக்கும் குழந்தைக்கு அது வலியின் நேரத்தைத்தான் நீட்டும். அவருக்குத் தட்டச்சு அல்லது எழுதுபவர் தேவை. கவனம் சிதறுபவருக்கு நேரத்தை நிறுத்திவைத்துக் கொடுக்கும் சிறு இடைவேளைகள் மேல். எதுவாக இருந்தாலும் வருடம் முழுவதும் வகுப்புத் தேர்வுகளில் பழகியிருக்க வேண்டும். இறுதித் தேர்வு நாளன்று முதல்முறையாக ஒரு எழுதுபவரைச் சந்திக்கும் குழந்தைக்கு அவரிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியாது.

## நட்சத்திர அட்டை, இடைவேளை ரத்து, இவை பலன் தருமா?

சுவரில் எல்லாரும் பார்க்கத் தொங்கும் நட்சத்திர அட்டை, திறன் இன்னும் வராத குழந்தையைத் தினமும் அம்பலப்படுத்துகிறது. ஏடிஎச்டி உள்ளவருக்கு வார இறுதிப் பரிசு எட்டாத தொலைவு. செய்த உடனே, என்ன செய்தார் என்று குறிப்பிட்டுச் சொல்லும் ஒரு வரி அதைவிடப் பலன் தரும். இடைவேளையைப் பறிப்பது எல்லாவற்றிலும் மோசம். அசையத் தேவையுள்ள உடலை அடைத்துவைத்தால் அடுத்த பாடவேளை தொலைந்தது.

## நண்பர்களே இல்லை. சமூகத் திறன் பயிற்சி கொடுக்கலாமா?

ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளத் தடுமாறுவது இருபக்கமும்தான் என்பதை டேமியன் மில்டன் 2012-இல் இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று விளக்கினார். அப்படியானால் பயிற்சியும் இருபக்கத்துக்கும் வேண்டும். ஒரு குழந்தைக்கு மட்டும் "சாதாரணமாக நடக்க" கற்றுக்கொடுப்பது மறைப்பைத்தான் வளர்க்கும். பொது ஆர்வத்தைச் சுற்றிக் குழு அமையுங்கள்: சதுரங்கம், ரயில், பூச்சிகள், வரைகலை. என்ன செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு உள்ள இடத்தில் நட்பு எளிதாகப் பிடிக்கிறது. கேலியும் அடியும் பெரும்பாலும் நடைபாதை, கழிப்பறை, பேருந்து ஆகிய இடங்களில் நடக்கின்றன, அங்கே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். குழந்தையின் நிலையைப் பற்றி வகுப்பில் பேசுவதற்கு முன் குழந்தையின் சம்மதமும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

## ஒரே ஆசிரியர், நாற்பது மாணவர்கள். இதெல்லாம் நடக்கிற காரியமா?

நாற்பது தனித்திட்டங்கள் நடக்காது, உண்மைதான். அதனால் எல்லாருக்கும் பொதுவாகச் செய்யக்கூடியவற்றில் தொடங்குங்கள்: பலகையில் எண்ணிட்ட வேலைகள், பட அட்டவணை, சொன்னபின் பத்து நொடிக் காத்திருப்பு, பாடத்துக்கு நடுவில் இரண்டு நிமிட அசைவு, பதிலை எழுதியோ சொல்லியோ வரைந்தோ காட்டும் உரிமை. தேவைகளில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும். மிஞ்சும் சிலருக்கு மட்டும் தனித்திட்டம் எழுதினால் போதும். ஆசிரியருக்கு அதற்கான நேரத்தை அட்டவணையில் ஒதுக்குவது நிர்வாகத்தின் வேலை. அதைச் செய்யாமல் பயிற்சி முகாம் மட்டும் நடத்தும் பள்ளியில் எதுவும் நிலைக்காது.

## அடுத்த வருடம் ஆசிரியர் மாறுகிறார். இதுவரை செய்தது வீணாகிவிடாதா?

ஒரு பக்கக் குறிப்பு எழுதாவிட்டால் வீணாகிவிடும். அதில் நான்கு பகுதிகள் போதும்: எதில் ஆர்வம், எது கடினம், தடுமாறும்போது வெளியே தெரியும் முதல் அறிகுறி என்ன, அப்போது எது உதவும். குழந்தையின் சொற்களிலேயே எழுதுங்கள். பேசாத குழந்தை என்றால் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "கவனம் குறைவு" என்று எழுதாமல், "இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் காலை ஆட்டுவேன், அப்போது தண்ணீர் பிடித்துவர அனுப்புங்கள்" என்ற அளவுக்கு எழுதுங்கள். வருட இறுதிக்கு ஒரு மாதம் முன்பே பழைய ஆசிரியர், புதிய ஆசிரியர், பெற்றோர், குழந்தை நால்வரும் அரை மணி நேரம் உட்கார வேண்டும். புதிய வகுப்பறை, புதிய ஆசிரியர், கழிப்பறைக்குப் போகும் வழி ஆகியவற்றின் புகைப்படங்களை விடுமுறைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் காலியான வகுப்பறைக்குள் ஒருமுறை நடந்துவர விடுங்கள்.